உடலின் நீர்ச் சமநிலை: தண்ணீர் மட்டும் போதாதது ஏன்?

வயது வந்த ஆணின் உடல் எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் நீர். பெண்களுக்கு இது சற்றுக் குறைவு; பிறந்த குழந்தைக்கு சுமார் 75 சதவீதம். இந்த நீரில் மூன்றில் இரண்டு பங்கு செல்களுக்குள்ளும், எஞ்சியது ரத்தத்திலும் செல்களைச் சூழ்ந்த திரவத்திலும் உள்ளது. இவற்றுக்கிடையே நீர் எத்திசையில் நகரும் என்பதை உப்பே, குறிப்பாக சோடியமே, பெரிதும் தீர்மானிக்கிறது. ஆகவே உடல் நீரை மட்டும் தனியே கணக்கிடுவதில்லை.

ரத்தத்தில் சோடியத்தின் இயல்பான அளவு லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல். வியர்வையால் ரத்தத்தின் அடர்த்தி 1 முதல் 2 சதவீதம் உயர்ந்தாலே மூளையின் ஹைப்போதலாமஸ் அதனை உணர்ந்து தாகத்தைத் தூண்டுகிறது. பிட்யூட்டரி சுரப்பி வெளியிடும் வாசோபிரசின் ஹார்மோன், நீரைத் திரும்ப உறிஞ்சுமாறு சிறுநீரகங்களைப் பணிக்கிறது. நாள்தோறும் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டும் சிறுநீரகங்கள் 1 முதல் 2 லிட்டரை மட்டுமே சிறுநீராக வெளியேற்றுகின்றன. ரத்தத்தின் கன அளவு குறையும்போது, அட்ரினல் சுரப்பியின் ஆல்டோஸ்டிரோன் ஹார்மோன் சோடியத்தைத் தக்கவைக்கிறது. முதுமையில் தாக உணர்வு மங்குவதால், முதியோர் தாகத்தை மட்டும் நம்பியிருக்க இயலாது.

அதிகம் பேசப்படாதது குடலின் பங்கு. குடிநீரும் செரிமானச் சாறுகளுமாக நாளொன்றுக்கு 8 முதல் 9 லிட்டர் திரவம் குடலை அடைகிறது. அதில் ஏறக்குறைய முழுவதும் மீண்டும் ரத்தத்தில் சேர்ந்துவிடுகிறது. காலரா போன்ற கடும் வயிற்றுப்போக்கில் இந்த ஏற்பாடு குலைவதால், சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்து நேரிடுகிறது.

எனினும், குளுக்கோஸுடன் சேர்ந்து சோடியம் குடல் சுவரைக் கடக்கும் வழி காலராவின்போதும் திறந்தே இருக்கிறது. சோடியத்தைத் தொடர்ந்து நீரும் உட்செல்கிறது. 1960களில் தெளிவான இந்த உண்மை, 1971 வங்கதேசப் போரின்போது பெரும் சோதனையைச் சந்தித்தது. மேற்கு வங்கத்தின் பன்காவ் பகுதியில் அகதிகளிடையே காலரா பரவியபோது, நரம்பு வழியே செலுத்தும் திரவம் தீர்ந்துபோகும் நிலையில் இருந்தது. மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் தலைமையிலான குழுவினர் குளுக்கோஸ், சமையல் உப்பு, சமையல் சோடா ஆகியவற்றை நீரில் கரைத்து நோயாளிகளைக் குடிக்கச் செய்தனர். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு விகிதம் 4 சதவீதத்துக்கும் கீழ் குறைந்தது. அவருக்கு 2023-ல், மறைவுக்குப் பின், பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

இன்றைய ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் இதே தத்துவத்தைக் கொண்டவை. பொட்டலம் கிடைக்காத நிலையில், ஒரு லிட்டர் தூய நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு (இரண்டும் தலைதட்டி) கரைத்துப் பயன்படுத்தலாம். அளவு மாறக்கூடாது. சர்க்கரை மிகுந்தால் நீர் குடலுக்குள் இழுக்கப்பட்டு வயிற்றுப்போக்கு அதிகரிக்கும் என்பதால், குளிர்பானங்கள் இதற்கு மாற்றாகா. உப்பின்றி வெறும் தண்ணீரை மட்டும் மிகுதியாகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து குழப்பமும் வலிப்பும் ஏற்படக்கூடும்.

இதயச் செயலிழப்பு, சிறுநீரக நோய் உள்ளோருக்கான நீரின் அளவை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். குழந்தைக்குக் கண்கள் குழிவிழுதல், சிறுநீர் வெகுவாகக் குறைதல், சோர்ந்து கிடத்தல் ஆகிய அறிகுறிகள் தென்பட்டால், கரைசலைப் புகட்டியவாறே உடனடியாக மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.