ஊதினால் புற்றுநோய் தெரியுமா?

1/ "ஊதிப் பார்த்தே கேன்சரைக் கண்டுபிடிக்கிறாங்களாமே டாக்டர்?" வெம்பக்கோட்டை, தாயில்பட்டி பக்கம் இப்போ அடிக்கடி வருகிற கேள்வி. பதில் சொல்ல நூறு வருஷம் பின்னாடி போகணும்.

2/ 1912ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர் முத்துலட்சுமி ரெட்டி. அவருடைய தங்கை மலக்குடல் புற்றுநோயில் இறந்தார். வீட்டிலேயே டாக்டர் இருந்தும் காப்பாற்ற முடியலை. அந்தத் துயரத்தில் பிறந்த கனவுதான் 1954ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை ஆனது.

3/ உணவுக்குழாய், இரைப்பை, குடல்... எல்லாம் உள்ளே இருக்கு. கட்டி கைக்குத் தட்டுப்படாது. ஆரம்பத்தில் வெறும் "கேஸ் ட்ரபிள்" மாதிரிதான் இருக்கும். பிரச்சினையே அதுதான்.

4/ மூச்சை வைத்து நோயறிவது புதுசு இல்லை. சர்க்கரை மிக முற்றிய நோயாளியின் மூச்சில் பழவாடை அடிக்கும், எந்த டாக்டருக்கும் தெரியும். 1971ல் லைனஸ் பாலிங், நம் மூச்சில் சுமார் 250 வேதிப்பொருட்கள் இருப்பதைக் காட்டினார்.

5/ அடுத்து ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷல். வயிற்றுப்புண்ணுக்குக் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமிதான் என்று நிரூபிக்க, 1984ல் அந்தக் கிருமியை அவரே குடித்தார்! 2005ல் ராபின் வாரனோடு நோபல் பரிசு. இந்தக் கிருமி இரைப்பைப் புற்றுநோய்க்கும் காரணம். இதைக் கண்டுபிடிக்க இன்று யூரியா மூச்சுப் பரிசோதனை இருக்கு. கவனிங்க, அது காட்டுவது கிருமியை; புற்றுநோயை அல்ல.

6/ புற்றுநோயையே மூச்சில் தேடியவர் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஜார்ஜ் ஹன்னா. 2018ல் வெளியான அவர் குழுவின் ஆய்வில் 335 பேர் மூச்சை ஊதினார்கள். உணவுக்குழாய், இரைப்பைப் புற்றுநோய் இருந்தவர்களில் 80% பேரைச் சரியாகக் காட்டியது. இல்லாதவர்களில் 81% பேருக்கு "இல்லை" என்றது.

7/ நல்ல தொடக்கம். ஆனா நோய் உள்ள நூறு பேரில் 20 பேர் தப்பிப் போறாங்களே! அதனால் இன்றைக்கும் உறுதி செய்ய எண்டோஸ்கோபியும் சதைப் பரிசோதனையும்தான்.

8/ எனவே ஊதுற மெஷின் வரட்டும்னு காத்திருக்காதீங்க. விழுங்கச் சிரமம், காரணமில்லாமல் எடை குறைவு, கருப்பு மலம், ரத்த வாந்தி, விடாத ரத்தசோகை, மாறிப்போன மலப்பழக்கம்... இதில் ஒன்று இருந்தாலும் மெடிக்கலில் கேஸ் மாத்திரை வாங்கி நாளைக் கடத்தாதீங்க.

9/ பட்டாசு ஆலைக்கு ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் கூலி போகும், தெரியும். ஆனா தள்ளிப்போட்ட நோய்க்குப் போகிற நாட்களை எண்ண முடியாது. அரசு மருத்துவமனைக்கு வாங்க. பார்த்துக்கலாம்.