லிட்டருக்கு 30 ரூபாய்

2023 ஜூனில் எங்கள் வீட்டுக்குப் புதுக் கார் வந்தது. ஷோரூமிலிருந்து கிளம்பும்போது அப்பா முன்சீட்டில் உட்கார்ந்தார். நான் ஸ்டார்ட் பட்டனை அழுத்தினேன். அவர் டேஷ்போர்டின் மேல் உள்ளங்கையை வைத்து, நாடி பார்க்கிற வைத்தியர் மாதிரி கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு கேட்டார்:

"ஏம்மா, வண்டி ஓடுதா, இல்லையா?"

ஓடிக்கொண்டுதான் இருந்தது. 1498 சி.சி. டர்போ பெட்ரோல் எஞ்சின், 150 குதிரைத்திறன். அதற்கு முன் 11 வருடம் எங்களிடம் இருந்த ஸ்விஃப்ட் டீசலின் திறன் 75. இப்போது இரண்டு மடங்கு. ஆனால் அப்பாவின் உள்ளங்கைக்கு எதுவும் எட்டவில்லை.

அப்பா 1974-ல் மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தின் டிப்போவில் மெக்கானிக்காகச் சேர்ந்து 2008-ல் ஓய்வு பெற்றவர். 34 வருடமும் டீசல் எஞ்சின்தான். பெட்ரோல் எஞ்சினை அவர் 'மிக்சி' என்பார். "அதுக்குப் பத்தவைக்க ஒரு பிளக்கு வேணும். டீசலுக்கு நெருப்பே வேணாம். காத்தை நசுக்கு, அது கொதிக்கும். அதுல டீசலைப் பீச்சு, தானா எரியும்" என்று சின்ன வயதில் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்து அடித்துப் பார்க்கச் சொல்வார். பம்பு சுடும். டீசல் எஞ்சின் பற்றி அதைவிட நல்ல பாடம் எனக்குப் பிறகு கிடைக்கவில்லை.

அந்த எஞ்சினைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசல் 1892-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1897-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் அவருடைய எஞ்சின், எரிபொருளில் இருக்கும் ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்கை வேலையாக மாற்றிக் காட்டியது. அன்றைய நீராவி எஞ்சின்கள் நெருங்க முடியாத அளவு அது. பெரிய நீராவி எஞ்சின் வாங்க வசதியுள்ள முதலாளிகளோடு சின்னப் பட்டறைக்காரரும் போட்டி போட ஒரு சிக்கனமான எஞ்சின் வேண்டும் என்பது அவருடைய ஆசைகளில் ஒன்று. 1913 செப்டம்பரில் இங்கிலாந்துக்குப் போகும் கப்பலில் இரவு அறைக்குச் சென்றவரைக் காலையில் காணவில்லை. சில நாள் கழித்துக் கடலில் உடல் கிடைத்தது.

சின்ன ஆளுக்கான எஞ்சின் என்ற அந்த எண்ணம் இந்தியாவில் வேறொரு வழியில் நிறைவேறியது. இங்கே டீசல் என்றால் லாரி, பஸ், டிராக்டர், பம்புசெட். பெட்ரோல் என்றால் கார், ஸ்கூட்டர். எனவே டீசல் விலையை அரசு தன் கையில் வைத்துக்கொண்டு குறைவாகவே வைத்திருந்தது. டீசல் ஏறினால் காய்கறி ஏறும், பஸ் டிக்கெட் ஏறும் என்பது எல்லாக் கட்சிகளும் ஒப்புக்கொண்ட நியாயம்.

அந்த ஏற்பாட்டில் ஒரு ஓட்டை இருந்தது. டீசல் ஊற்றும் குழாய்க்கு எதிரே நிற்பது டிராக்டரா காரா என்று தெரியாது. 1980-ஐ ஒட்டி அம்பாசடரில் டீசல் எஞ்சின் வந்தது. 1489 சி.சி., 37 குதிரைத்திறன். மேட்டில் ஏறும்போது நடந்து போகிறவர் முந்திவிடுவார் என்று கேலி செய்வார்கள். ஆனாலும் டாக்சிக்காரர்கள் அதைத்தான் வாங்கினார்கள். 1998-ல் டாடா இண்டிகா வந்தபோது டீசல் கார் நடுத்தரக் குடும்பத்தின் எட்டும் தூரத்துக்கு வந்தது.

அதன் பிறகு வந்ததுதான் எல்லாவற்றையும் மாற்றியது. ஃபியட் உருவாக்கிய 1248 சி.சி. மல்டிஜெட் எஞ்சின். பழைய டீசலின் படபடப்பும் கரும்புகையும் இதில் வெகுவாகக் குறைந்திருந்தன. டீசலை ஒரு பொதுக் குழாயில் மிகுந்த அழுத்தத்தில் தேக்கி, கம்ப்யூட்டர் சொல்லும் கணத்தில் துளித்துளியாகப் பீச்சும் காமன்ரெயில் முறை அது. 2007-ல் மாருதி அதை ஸ்விஃப்ட்டில் வைத்தது. பிறகு டாடா, ஃபியட் கார்களிலும் அதே எஞ்சின். கார்ப் பத்திரிகைகள் அதற்கு 'இந்தியாவின் தேசிய எஞ்சின்' என்றே பெயர் வைத்தன.

2010 ஜூனில் மத்திய அரசு பெட்ரோல் விலையைச் சந்தையிடம் விட்டது, டீசலை விடவில்லை. பெட்ரோல் ஏறிக்கொண்டே போக, டீசல் நின்ற இடத்தில் நின்றது. 2012 மே கடைசியில் டெல்லியில் பெட்ரோல் 73 ரூபாயைத் தாண்டியது. டீசல் சுமார் 41. லிட்டருக்கு 30 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். அந்த நிதியாண்டில் நாட்டில் விற்ற கார்களில் பாதிக்கும் மேல் டீசல். அவற்றில் ஒன்று என்னுடையது.

நான் வங்கியில் கடன் பிரிவில் இருக்கிறேன். கணக்குப் போடாமல் ஒரு டம்ளர்கூட வாங்க மாட்டேன் என்பது அம்மாவின் புகார். அன்று போட்ட கணக்கு இன்னும் டைரியில் இருக்கிறது. டீசல் மாடலுக்கு ஒரு லட்சம் கூடுதல். பெட்ரோல் 75 ரூபாய், லிட்டருக்கு 15 கிலோமீட்டர், அதாவது கிலோமீட்டருக்கு 5 ரூபாய். டீசல் 44 ரூபாய், 20 கிலோமீட்டர், அதாவது 2 ரூபாய் 20 காசு. மிச்சம் 2 ரூபாய் 80 காசு. கிட்டத்தட்ட 36,000 கிலோமீட்டரில் கூடுதல் ஒரு லட்சம் திரும்பிவிடும். அப்போது வருடத்துக்கு 15,000 ஓட்டுவேன். இரண்டரை வருடத்துக்குள் போட்டது வந்துவிடும், அப்புறம் எல்லாம் லாபம். அப்பா கணக்கைப் பார்க்கவேயில்லை. "டீசல்தானே? வாங்கு" என்றார். இழுவையிலும் அது சோடை போகவில்லை. அன்றைய பெட்ரோல் ஸ்விஃப்ட்டின் முறுக்குவிசை 114 நியூட்டன் மீட்டர், டீசலில் 190.

*

2012 செப்டம்பரில் அரசு டீசலுக்கு ஒரேயடியாக 5 ரூபாய் ஏற்றியது. அதையும் வேறு சில முடிவுகளையும் எதிர்த்துத் திரிணமூல் காங்கிரஸ் மத்தியக் கூட்டணியிலிருந்து வெளியேறியது. 2013 ஜனவரியில் வேறு உபாயம் வந்தது. பங்க்கில் வாங்குகிறவர்களுக்கு மாதம் 50 காசு வரை ஏற்றுவது. மொத்தமாக வாங்குகிறவர்களுக்கு உடனடியாகச் சந்தை விலை. மொத்தமாக வாங்குகிறவர்கள் யார்? ரயில்வே, ராணுவம், அரசுப் போக்குவரத்துக் கழகங்கள். டிப்போவுக்குள் சொந்த டேங்க் வைத்திருக்கும் கழகத்துக்கு, ரோட்டோர பங்க்கைவிட லிட்டருக்கு ஏறத்தாழ 10 ரூபாய் கூடுதல்.

தமிழ்நாட்டில் அரசுப் பேருந்துகளைச் சில்லறை பங்க்குகளில் டீசல் நிரப்பச் சொன்னார்கள். அந்த வாரங்களில் ஒரு சாயங்காலம் அப்பாவோடு பங்க்குக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு டவுன் பஸ். ஓட்டுநர் அப்பாவின் பழைய டிப்போக்காரர். ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னண்ணே, ஒரே வரிசைல நிக்கிறோம்!"

"டிப்போல டேங்க் என்னய்யா ஆச்சு?"

"அங்க போட்டா பத்து ரூவா கூடவாம்ணே. இங்க வந்தா மலிவாம். எனக்கே சிரிப்பு வருது."

அப்பா சிரிக்கவில்லை. வீடு வரும்வரை பேசவும் இல்லை. காரை நிறுத்தியதும், இறங்காமல் உட்கார்ந்தபடி கேட்டார்: "அந்த பஸ்ல ஏறுறவன் பூக்காரம்மா, சித்தாளு, ஸ்கூல் புள்ள. அவுங்களுக்கு மார்க்கெட் ரேட்டு. நமக்குச் சலுகை. நீதான் பேங்க்ல இருக்க. இது என்ன கணக்கும்மா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் உறுத்தல். என் டைரிக் கணக்கில் 44 ரூபாய் என்று ஒரு எண் இருந்ததே, அதை நான் டீசலின் விலை என்று எடுத்துக்கொண்டேன். அது டீசலின் விலை அல்ல, டீசலில் நான் கொடுக்க வேண்டிய பங்கு. மீதியை எண்ணெய் நிறுவனங்களும் அரசும், அவர்கள் வழியாக ஊரும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 2010-லேயே கிரித் பாரிக் தலைமையிலான குழு இதைச் சொல்லியிருந்தது. டீசல் விலையைத் திறந்துவிட வேண்டும், டீசல் கார்களுக்கு 80,000 ரூபாய் கூடுதல் கலால் வரி போட வேண்டும் என்றது. வரி வரவில்லை. வந்திருந்தால் என் கணக்கே வேறாகியிருக்கும்.

கணக்கில் வராத இன்னொன்றும் இருந்தது. நான் கார் வாங்கிய அதே 2012 ஜூனில், உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. சுரங்கத் தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வுகள் அதற்கு முக்கிய ஆதாரம். அப்பாவுக்குப் புற்றுநோய் இல்லை. ஆனால் மாடிப்படி ஏறினால் இளைக்கும். பீடியும் பிடித்தவர்தான், டாக்டர் எதையும் ஒரே காரணமாகச் சொல்லவில்லை. காலை நாலரைக்கு நாற்பது பஸ்களை ஒரே ஷெட்டில் ஸ்டார்ட் செய்து சூடேற்றும்போது எதிரே இருப்பவர் முகம் தெரியாது என்று முன்பு பெருமையாகச் சொல்வார். இப்போது அதைச் சொல்வதில்லை.

*

அந்த 30 ரூபாய் பிறகு மெல்லக் கரைந்தது. மாதம் 50 காசாக ஏறி வந்தபோதே கச்சா எண்ணெய் விலையும் சரிய, 2014 அக்டோபரில் டீசலும் சந்தைக்கு விடப்பட்டது. 2015 செப்டம்பரில் ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தின் மோசடியை அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு வெளியிட்டது. சோதனை நடக்கும்போது மட்டும் புகையை அடக்கிக்காட்டும் மென்பொருள், உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 லட்சம் டீசல் கார்களில் இருந்தது. சுத்தமான டீசல் என்ற பேச்சு அதோடு அடிபட்டது.

2020 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் பி.எஸ்.6 விதி. டீசல் கார் கிலோமீட்டருக்கு விடலாம் என்றிருந்த நைட்ரஜன் ஆக்சைடு 250 மில்லிகிராமிலிருந்து 80-க்கு இறங்கியது. துகள்கள் 25 மில்லிகிராமிலிருந்து 4.5-க்கு. இதற்குப் புகைப்போக்கியில் துகள் வடிகட்டியும் வேறு கருவிகளும் வேண்டும். பெரிய காரில் அந்தச் செலவு தெரியாது, சின்னக் காரில் தாங்காது. மாருதி ஒரு வருடம் முன்பே, 2019 ஏப்ரலில், டீசலை நிறுத்தப்போவதாக அறிவித்தது. 'தேசிய எஞ்சின்' அப்படியே நின்றது. 2020 மே மாதம் மத்திய அரசு கலால் வரியைப் பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் ஏற்றியது. டெல்லி அரசும் தன் பங்குக்கு டீசல் வரியைக் கூட்டியிருக்க, ஜூன் 24 அன்று அங்கே டீசல் 79.88, பெட்ரோல் 79.76. டெல்லி வரலாற்றில் முதல்முறை டீசல் மேலே.

2023-ல் நான் திரும்பவும் டைரியைத் திறந்தேன். சென்னை விலையில் பெட்ரோல் 102.63, டீசல் 94.24. வித்தியாசம் எட்டு ரூபாய் சொச்சம். டீசல் அப்போதும் கிலோமீட்டருக்கு இரண்டே கால் ரூபாய்க்கு மேல் மிச்சம்தான். மைலேஜ் அதில் கூட. ஆனால் டீசல் மாடலுக்கு ஒன்றரை லட்சம் கூடுதல், என் ஓட்டமோ வருடத்துக்கு 7,000-ஆகக் குறைந்துவிட்டது. போட்டது திரும்ப ஒன்பது வருடம் ஆகும். அதோடு துகள் வடிகட்டி சூடேறித் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள நீண்ட ஓட்டம் வேண்டும். கடைக்கும் கோவிலுக்கும் போகிற காருக்கு அது ஒத்துவராது. டர்போவும் நேரடிப் பீச்சும் பெட்ரோலுக்கும் வந்துவிட்டதால் டீசலின் இழுவையும் இப்போது தனிச்சொத்து இல்லை. புதுக் காரின் முறுக்குவிசை 250 நியூட்டன் மீட்டர், அதுவும் 1600 சுற்றிலேயே. வாங்கியது ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் கார்தான். டீசலின் பெயரைக் கெடுத்த குழுமத்திடமே பெட்ரோல் வாங்கியதை நினைத்தால் எனக்கே வேடிக்கையாக இருக்கிறது.

இதில் என் நல்லெண்ணம் எதுவும் இல்லை. 2012-ல் கணக்கு டீசல் என்றது, வாங்கினேன். 2023-ல் பெட்ரோல் என்றது, மாறினேன். புதுக் கார் கிலோமீட்டருக்கு முன்னதைவிட அதிக எரிபொருள் குடிக்கிறது. 150 குதிரைத்திறன் எனக்குத் தேவையா என்று கேட்டால் தேவையில்லை. பிடித்திருந்தது, முடிந்தது, அவ்வளவுதான். ஒரே ஒரு ஆறுதல், இதற்கான பில் முழுக்க என் கைக்கு வருகிறது. புகையின் பில் தவிர.

வாங்கிய மறுமாதம் எல்லோரும் கொடைக்கானல் போனோம். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போது முன்னால் ஒரு அரசுப் பேருந்து. பழைய காராக இருந்தால் 2000 சுற்றுக்குக் கீழே டர்போ தூங்கும். கியரை இறக்கி, சத்தம் கூட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு முந்த வேண்டும். இதில் காலை லேசாக அழுத்தினால் போதும். அழுத்தப் போனேன். அப்பா என் கையைத் தொட்டார்.

"இரும்மா. அவன் செகண்ட்ல ஏறிட்டிருக்கான். பின்னாடியே போ."

கண்ணாடியை இறக்கிவிட்டார். குளிர்காற்றோடு புகையும் உள்ளே வந்தது. இருமினார். ஆனாலும் ஏற்றவில்லை. இரண்டு கொண்டை ஊசி வளைவு வரை தலையைச் சாய்த்து அந்த எஞ்சினைக் கேட்டுக்கொண்டே வந்தார்.

"நாசில் ஒண்ணு சரியில்ல" என்றார். "ஊருக்குப் போனதும் டிப்போல சொல்லணும்."