இடவப்பாதியைத் தாங்கும் ரோஜா

பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வழியாகக் கள்ளிக்காடு வரையுள்ள எல்லையோரக் கிராமங்களில் ரோஜாவைப் பற்றி நெடுநாளாக ஒரே தீர்ப்புதான். இது சூட்டு நாடு, ரோஜா குளிர்நாட்டுப் பூ. ஊட்டியில் பூக்கும், இங்கே பூக்காது. மேடத்தில் மொட்டும் பூவுமாக வாங்கிய ஒட்டுச்செடி ஓணத்துக்கு முன்பே இலையெல்லாம் கொட்டி வெறுங்கம்பாக நிற்பதை ஆண்டுதோறும் பார்ப்பவர்கள் அப்படி முடிவுகட்டியதில் வியப்பில்லை. அவர்கள் கண்டது உண்மை. சொல்லும் காரணம்தான் பொருந்தவில்லை. இங்கே ரோஜாவைச் சாகடிப்பது வெயில் என்பதற்குச் சான்று கிடையாது. இலைமேல் மணிக்கணக்காக நிற்கும் ஈரம் ஒரு காரணம். அந்த ஈரத்தையே அறியாத வம்சத்துச் செடிகளைத் தேடித் தேடி வாங்கி வைத்தது இன்னொரு காரணம். ரோஜா உலகைச் சுற்றிவந்த பாதையையும், இந்தக் கிராமங்களுக்கு அது வந்துசேர்ந்த வழியையும் சேர்த்துப் பார்த்தால் இது தெளிவாகிவிடும்.

முதலில் வெயில். ராஜஸ்தானின் புஷ்கரில் மே மாதத்தில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். இந்தியாவின் பெயர்பெற்ற ரோஜா வயல்களில் சில அங்கேதான் இருக்கின்றன. சண்டிகரில் 1967-இல் தொடங்கிய ஜாகிர் உசேன் ரோஜாத் தோட்டம் முப்பது ஏக்கரில் விரிந்து கிடக்கிறது. அதன் கோடையும் 40 டிகிரிக்கு மேல்தான். திருவனந்தபுரத்திலோ 35 டிகிரியைத் தாண்டும் நாட்களே குறைவு. வடக்கே குளிர்காலம் உண்டு, அங்கே ரோஜா குளிரில் தேறிக்கொண்டு பூக்கிறது, நமக்கு அந்த ஓய்வு இல்லையே என்று யாரும் மறுக்கலாம். நியாயமான மறுப்புதான். ஆனால் திண்டுக்கல் மாவட்டம் நிலக்கோட்டையில் குளிர்காலம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. அங்கே பன்னீர் ரோஜா வயல் வயலாக நிற்கிறது. அந்தப் பூவை வைத்து ஒரு சந்தையே நடக்கிறது. வெயிலுக்கு ரோஜாமேல் எந்த வலுவும் இல்லை என்று சொல்லவரவில்லை. கடும் வெயிலில் பூ சிறுத்துப்போகும், இதழ் குறையும், காலையில் விரிந்த பூ மாலைக்குள் வெளிறிவிடும். பூவைக் கெடுக்கும் வெயில், வேரில் ஈரமிருக்கும் செடியைக் கொன்றுவிடுவதில்லை.

கொல்வது எது என்பதை இலையே காட்டும். இடவப்பாதி மழை தொடங்கிச் சில வாரங்களில், செடியின் மூட்டையொட்டிய கீழ் இலைகளின் மேற்புறத்தில் கறுத்த வட்டங்கள் தோன்றும். அவற்றின் ஓரம் வெட்டினாற்போல் இராது. மைத்துளி ஈரத்தாளில் பரவியதுபோல் இழையிழையாகப் பிரிந்திருக்கும். வட்டத்தைச் சுற்றி இலை மஞ்சளாகும், காம்போடு உதிரும். பிறகு அடுத்த வரிசை இலை, அதற்கு மேல் இன்னொரு வரிசை என்று நோய் கீழிருந்து ஏறும். இதுதான் கரும்புள்ளி நோய். டிப்ளோகார்பான் ரோசே என்ற பூஞ்சையின் வேலை. இதன் வித்து முளைத்து இலைக்குள் இறங்க, இலை தொடர்ந்து ஏழு மணி நேரமாவது நனைந்திருக்க வேண்டும். கடும் வெப்பம் இந்தப் பூஞ்சைக்கே ஆகாது. 20 டிகிரிக்குச் சற்று மேற்பட்ட மிதமான சூடும், காயாத இலையும்தான் அதற்கு வாய்ப்பு. திருவனந்தபுரம் பகுதியில் ஆண்டுக்கு 1,800 மி.மீ. அளவில் மழை பெய்கிறது. மலையை ஒட்டிய கள்ளிக்காட்டுப் பக்கம் இன்னும் கூடுதல். அந்த மழையும் ஒரே மூச்சில் பெய்து தீர்வதில்லை. ஜூனில் ஓர் உச்சம், அக்டோபரில் துலாமழையாக மற்றோர் உச்சம். இரண்டுக்கும் இடையிலும் இலை முழுசாகக் காய்வதில்லை. போதாக்குறைக்கு ரப்பரும் தென்னையும் மாவும் பலாவும் அடர்ந்த புரையிடங்களில் காற்றோட்டம் குறைவு. இதற்கு நேரெதிரான காட்சி நெய்யாற்றின்கரையிலிருந்து ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் தள்ளியே இருக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வீசும் காற்று காற்றாலைகளைச் சுழற்றும் தோவாளையில் மழை குறைவு, நனைந்த இலை விரைவில் காய்ந்துவிடும். வெப்பத்தில் இரண்டு ஊர்களுக்கும் சொல்லிக்கொள்ளும்படியான வேற்றுமை கிடையாது. ஒன்று பூவுக்குப் பேர்போன ஊராகவும் மற்றது பூ வாங்கும் ஊராகவும் ஆனதற்கு இந்த ஈர வேற்றுமையும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன்.

இனி வம்சத்துக்கு வருவோம். இன்று நர்சரிகளில் விற்கும் பெரும்பூ ரோஜாக்கள் பெரும்பாலும் ஹைபிரிட் டீ என்ற வகை. அந்த வகையின் முதல் செடியாகக் கொள்ளப்படும் ‘லா பிரான்ஸ்’ 1867-இல் பிரான்சின் லியோன் நகரத்தில் கியோ என்பவரின் தோட்டத்திலிருந்து வந்தது. அதற்கு முன்பு, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், சீன ரோஜாக்கள் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் கல்கத்தா வழியாகவும் நேராகவும் ஐரோப்பா போய்ச் சேர்ந்திருந்தன. ஆண்டுக்கொருமுறை பூக்கும் ஐரோப்பிய ரோஜாவுக்கு மீண்டும் மீண்டும் பூக்கும் குணத்தைக் கொடுத்தது இந்தச் சூட்டுநாட்டு உறவுதான். கெடுதல் வேறு திசையிலிருந்து வந்தது. அதே லியோனில் பெர்னே-துஷே என்பவர் அடர்ந்த மஞ்சள் நிறம் வேண்டி, பாரசீகப் பக்கத்து மஞ்சள் ரோஜாவைச் சேர்த்து 1900-இல் ‘சொலேய் தோர்’ என்ற வகையை வெளியிட்டார். இன்றைய மஞ்சளும் ஆரஞ்சும் தீக்கொழுந்து நிறங்களும் பெரும்பாலும் அந்தச் சேர்க்கையின் வாரிசுகள். மழை அருகிய வறண்ட நிலத்தில் வளர்ந்த அந்த மஞ்சள் ரோஜாவுக்குக் கரும்புள்ளியை எதிர்க்க வேண்டிய தேவையே இருந்ததில்லை. எதிர்க்கும் வலுவும் அதனிடம் இல்லை. நிறத்தோடு அந்தப் பலவீனமும் வம்சத்தில் இறங்கியது. ஆகப் பாறசாலை முற்றத்தில் சாகும் மஞ்சள் ரோஜா குளிருக்கு ஏங்கிச் சாகவில்லை. வறண்ட காற்று இல்லாமல் சாகிறது.

ஈரமும் சூடும் சேர்ந்த நிலத்தில் பிறந்த ரோஜா ஒன்று உண்டா என்றால், உண்டு. இந்தியப் பெருங்கடலில் அன்று போர்போன் தீவு என்றும் இன்று ரீயூனியன் என்றும் வழங்கும் தீவில், தோட்டங்களுக்கு வேலியாகச் சீன ரோஜாவையும் டமாஸ்க் ரோஜாவையும் கலந்து நடும் வழக்கம் இருந்தது. அந்த வேலியில் இரண்டும் தாமாகக் கலந்து புதிய செடி ஒன்று முளைத்தது. எதுவார் பெரிஷோன் என்ற தோட்டக்காரரின் நிலத்தில் இருந்த அதை, 1817-இல் அரசுத் தோட்டத்துக்குப் பொறுப்பேற்று வந்த பிரெயோன் கவனித்து, அதன் விதையைப் பாரிசிலிருந்த ழாக் என்ற தோட்டக்கலைஞருக்கு அனுப்பினார். இது நடந்த சேன்-பெனுவா, தீவின் கிழக்குக் கரையில் காற்று முகத்தில் இருக்கும் ஊர். நெய்யாற்றின்கரையைவிட அங்கே மழை அதிகம். பனி உறைவது கிடையாது. அந்தப் போர்போன் குலம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியத் தோட்டங்களில் பரவி நிலைத்தது. தோட்டக்கலைத் துறையினர் எட்வர்ட் ரோஜா என்று எழுதுவதும், பூக்கடையில் பன்னீர் ரோஜா என்று கேட்டு வாங்குவதும் இந்தக் குலத்துச் செடியைத்தான். கம்பு நட்டாலே பிடிக்கும், ஒட்டு வேண்டாம். இளஞ்சிவப்பில் தளர்ந்த பூ, இதழில் கனத்த மணம். மாலைக்கும் குல்கந்துக்கும் அதுவே முதல் சரக்கு. பதினாறாம் நூற்றாண்டிலோ பதினேழிலோ அரண்மனைக்கு வந்த பூ என்று ரோஜாவின் வரலாற்றைச் சொல்வது வழக்கம். தமிழ்நாட்டுச் சாதாரணக் குடும்பத்தின் கல்யாண மாலைக்குள் அதைக் கொண்டுவந்தது தீவிலிருந்து வந்த இந்த வேலிச்செடிதான் என்பது என் கணிப்பு.

அப்படியானால் எல்லையோரக் கிராமங்கள் அதை ஏன் நட்டு வளர்க்கவில்லை? இங்கேதான் இந்தப் பகுதியின் வரலாறு குறுக்கே வருகிறது. திருவிதாங்கூர்க் காலத்திலிருந்தே இந்த ஊர்களுக்குப் பூ என்றால் தோவாளை. 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு மாறியது, பூவின் பாதை மாறவில்லை. இன்றும் ஓணத்துக்கும் கல்யாணத்துக்கும் கோயில் கொடைக்கும் பள்ளித் திருவிழாவுக்கும் பூ தோவாளையிலிருந்தே வருகிறது. அந்தச் சந்தைக்குப் பன்னீர் ரோஜாவும் பட்டன் ரோஸும் ஓசூர், பெங்களூர்ப் பக்கமிருந்து மூட்டையாக வந்து இறங்குகின்றன. ஆக, இந்த நிலத்துக்கு ஒத்த ரோஜா நமக்குப் பெரும்பாலும் எடைபோட்டு வாங்கும் உதிரிப் பூவாகவே வந்தது. செடியாக வந்தது குறைவு. செடியாக வந்ததோ சாலையோர நர்சரிகளின் வழியே ஆந்திரத்தின் கடியம், பெங்களூர், ஓசூர்ப் பண்ணைகளிலிருந்து வந்த ஒட்டு ரோஜா. பூ ஒரு வழியாகவும் செடி வேறு வழியாகவும் வந்ததால், மாலையில் பார்த்த ரோஜாவையும் முற்றத்தில் செத்த ரோஜாவையும் யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. பழைய வீடுகளின் கிணற்றடியில் யார் நட்டதென்று தெரியாமல் ஆண்டெல்லாம் பூக்கும் நாட்டு ரோஜாவை மட்டும் எவரும் கணக்கில் எடுத்ததில்லை. 1995-இல் ஊட்டியில் அரசு ரோஜாப் பூங்கா அமைந்து, 2006-இல் உலக ரோஜாச் சங்கங்களின் கூட்டமைப்பு அதற்கு விருதும் கொடுத்தபின், ரோஜா மலைநாட்டுப் பூ என்ற எண்ணம் இன்னும் இறுகிப்போனது.

பன்னீர் ரோஜாவுக்கும் மழைக்காலத்தில் கரும்புள்ளி வருமே என்று கேட்பார்கள். வரும், மறுக்கவில்லை. வேறுபாடு அதற்குப் பிறகு நடப்பதில் இருக்கிறது. சொந்த வேரில் நிற்கும் செடி இலை கொட்டினாலும் மூட்டிலிருந்து புதுக் குருத்து விடும். விடுவது அதே ரோஜாதான். ஒட்டுச்செடியில் மேற்கம்பு கருகிவிட்டால் ஒட்டுக்குக் கீழிருந்து கிளம்புவது வேர்ச்செடியின் காட்டுக் கிளை. ஐந்துக்குப் பதில் ஏழு சிற்றிலையோடு மளமளவென்று வளரும் அந்தக் கிளையை, செடி பிழைத்துக்கொண்டது என்று நம்பி இரண்டாண்டு தண்ணீர் ஊற்றுபவர்கள் உண்டு. மருந்தடித்தால் ஒட்டு ரோஜாவும் நிற்குமே என்பது அடுத்த கேள்வி. நிற்கும், பாலிதீன் கூடாரத்துக்குள் இன்னும் நன்றாகவே நிற்கும். ஆனால் இடவத்தில் தொடங்கித் துலாம் முடிய வாரந்தோறும் பூஞ்சைக்கொல்லி அடிப்பதும், அடித்த மருந்தை அடுத்த மழை கழுவிக் கிணற்றுக்குக் கொண்டுபோவதும் ஐந்து சென்ட் முற்றத்துக்கு ஏற்ற வழியாகத் தோன்றவில்லை. பன்னீர் ரோஜாவின் பூ குவளையில் நிலைக்காது, நிறம் சில மட்டும்தான் என்ற குறைகள் உண்மையானவை. குவளைக்கு வேண்டுமானால் ஓசூர்ப் பூவை வாங்கிக்கொள்ளலாம். தோட்டத்துக்கு வேண்டியது ஆண்டு முழுவதும் உயிரோடு நிற்கும் செடி.

வளர்க்கும் முறையிலும் வெளியூர்ப் பாடம் தவறு செய்ய வைத்திருக்கிறது. தில்லியை மனத்தில் வைத்து எழுதிய நூல்கள் அக்டோபர் நடுவில் கவாத்து செய்யச் சொல்லும். அங்கே செப்டம்பரோடு மழை தீர்ந்துவிடும். இங்கே அதே அக்டோபரில் துலாமழை கொட்டும். வெட்டுவாய் நனைந்தால் நுனி கறுத்துக் கம்பு கீழ்நோக்கிக் கருகும். மழை ஓய்ந்து, விருச்சிகம் பாதிக்கு மேல் வெட்டி, வெட்டுவாயில் போர்டோ பசை தடவுவதே இந்த நிலத்துக்குச் சரி. நடும் இடம் காலை வெயில் முதலில் விழும் கிழக்குப் பக்கமாக இருக்க வேண்டும்; இரவு ஈரத்தைக் காயவைப்பது அந்த வெயில்தான். செடிக்குச் செடி தாராளமாக இடம் விட்டு, சரல் மண்ணில் சாணமும் எலும்புப்பொடியும் கலந்து சற்று மேடாக்கி நட வேண்டும். தண்ணீரை மூட்டுக்கு ஊற்ற வேண்டும், இலைமேல் ஊற்றக் கூடாது.

நிலத்துக்கு ஒத்த ரோஜாவைத் தேடி வளர்க்கும் இந்த வழி புதிதொன்றும் இல்லை. பனி உறையாத, காற்றில் உப்பும் ஈரமும் நிறைந்த பெர்முடா தீவில் பெயர் மறந்துபோன பழைய சீன, டீ ரோஜாக்களே முற்றங்களில் நீடித்தன. 1954-இல் தொடங்கிய பெர்முடா ரோஜாச் சங்கம் அவற்றைத் தேடித் திரட்டிக் காத்துவருகிறது. இந்தியாவில் ‘தி ரோஸ் இன் இந்தியா’ என்ற நூலை 1966-இல் எழுதிய பி.பி. பால் நம் நாட்டிலேயே புதிய வகைகளை உருவாக்கிக் காட்டினார். கொடைக்கானலில் எம்.எஸ். வீரராகவனும் கிரிஜா வீரராகவனும் வங்கத்துச் சதுப்பில் வளரும் ரோசா கிளினோபில்லாவையும் மணிப்பூரின் ரோசா ஜைகான்டியாவையும் கொண்டு சூட்டுநாட்டுக்கான ரோஜாக்களை உருவாக்கியிருக்கிறார்கள். அவற்றில் ஒன்றுக்குத் தலச்சேரியில் பிறந்த தாவரவியலாளர் ஜானகி அம்மாளின் பெயரைச் சூட்டினார்கள். நெய்யாற்றின்கரைக்கு வடக்கே வெள்ளாயணியில் வேளாண் கல்லூரி இருக்கிறது. தெற்கே தோவாளையில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் மலரியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து எல்லையோர வீடுகளில் நிற்கும் நாட்டு ரோஜாக்களைத் திரட்டி, இந்தப் புதிய வகைகளோடு ஒரே நிலத்தில் வைத்து, இரண்டு இடவப்பாதிகளை மருந்தின்றிக் கடக்க விட்டு, எது நிற்கிறது என்று ஊருக்குச் சொல்ல வேண்டும். அதுவரை, வீட்டில் நாட்டு ரோஜா வைத்திருப்பவர்கள் துலாமழை நின்றதும் பென்சில் தடிமனில் நாலு கம்பு வெட்டி, நட்டுப் பிடிக்க வைத்து, கேட்பவர்களுக்குக் கொடுங்கள்.