பச்சைக்குக் கீழே என்ன இருக்கு?

அணைக்கட்டிலிருந்து பார்த்தால் ஜவ்வாது மலை பச்சையாத்தான் தெரியும். சந்தனத்துக்குப் பேர்போன மலை. உள்ளே மரம் குறைந்தாலும் மேல்பச்சை அதைச் சட்டென்று காட்டாது. சாதாரண செயற்கைக்கோள் படமும் அப்படித்தான்; மேகம் மூடினால் அதுவும் கிடையாது.

ரேடார் அலை மேகத்தைத் தாண்டும். இலைக்குள் எவ்வளவு போகும் என்பது அலைநீளத்தைப் பொறுத்தது. 1978-லேயே நாசாவின் சீசாட்டில் நீண்ட அலை ரேடார் இருந்தது. ஆனால் அது கடலுக்காக ஏவியது. மூன்றரை மாதத்தில் செயலிழந்தது. 2012-ல் இஸ்ரோ ஏவிய ரிசாட்-1 வேறு மாதிரி. அதன் 5.6 செ.மீ. அலை பெரும்பாலும் இலையிலும் சிறுகிளையிலுமே பட்டுத் திரும்பிவிடும்.

2025 ஜூலை 30-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நிசாரில் நாசாவின் 24 செ.மீ. அலையும் இருக்கு. அது இலையைக் கடந்து பெருங்கிளை, அடிமரம் வரை தொடும். 12 நாளுக்கு ஒருமுறை திரும்ப வரும். வெட்டிய ஒற்றைச் சந்தனமரத்தை அது காட்டிக்கொடுக்காதுங்க. ஆனா ஒரு சரிவே மெலிஞ்சு போனா, இனி பச்சையைக் காட்டிச் சமாளிக்க முடியாது.