மடியில் அடங்கிய துப்பாக்கி

பழவேற்காடு என்றதும் வாசகர்களுக்கு நினைவில் எழுவன உப்பங்கழி ஏரியும், இறாலும், பூநாரைகளும்தாம். சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவிலுள்ள இவ்வூரைச் சுற்றியுள்ள மீனவர் குப்பங்களுள் ஒன்றின் பெயர் கோட்டைக்குப்பம். பெயரிலேயே கோட்டை இருக்கிறது. 1613இல் டச்சுக்காரர்கள் இங்கே கட்டிய கெல்டிரியா கோட்டை இன்று புதர் மண்டிய மேடாகவும் அகழியாகவும் எஞ்சி நிற்கிறது.

அந்தக் கோட்டையைச் சார்ந்து 17ஆம் நூற்றாண்டில் வெடிமருந்து ஆலை ஒன்று இயங்கியது. கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்த டச்சு நிலையங்களுக்கும், தாயகம் திரும்பும் கப்பல்களுக்கும் இங்கிருந்துதான் பல ஆண்டுகள் வெடிமருந்து சென்றது. நூற்றுக்கு ஏறத்தாழ 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். இதுவே கருமருந்தின் கலவை.

அந்த மருந்தை நிரப்பிச் சுட்ட துப்பாக்கி ஆள் உயரத்திற்குச் சற்றே குறைவாக இருந்தது. இன்றோ உள்ளங்கையில் அடங்குவனவும் உண்டு. துப்பாக்கி எவ்வாறு சுருங்கியது? சுருங்கியதனால் அது எதை இழந்தது? அதை மடியில் மறைத்தவர்களுக்கு அது உண்மையிலேயே காப்பாக அமைந்ததா? இம்மூன்று வினாக்களுக்கும் இயற்பியலும் வரலாறும் சேர்ந்தே விடை தர வேண்டும்.

நெருப்பை மறைத்தல்

பழைய துப்பாக்கியை ஆடைக்குள் மறைக்க முடியாமைக்கு அதன் நீளம் மட்டும் காரணமன்று. அதில் எரியும் திரி இருந்தது. குதிரையை இழுத்தால் புகைந்துகொண்டிருக்கும் திரி கீழிறங்கி மருந்தைத் தொடும். கனலும் கயிற்றை யார்தான் சட்டைக்குள் வைப்பார்? அதன் ஒளியும் வாடையும் ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும்.

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் சக்கரப் பொறித் துப்பாக்கி தோன்றியது. சாவி கொடுத்து முறுக்கிய வில், ஓர் எஃகுச் சக்கரத்தைச் சுழற்றும், சக்கரம் கல்லில் உராயும், பொறி பறக்கும். இப்போது நெருப்பு தேவைப்படும் நொடியில் மட்டுமே பிறந்தது. துப்பாக்கியும் குட்டையாகி அங்கிக்குள் நுழைந்தது. உடனே அரசுகள் விழித்துக்கொண்டன. 1517, 1518ஆம் ஆண்டுகளில் பேரரசர் முதலாம் மாக்சிமிலியன் தம் ஆட்சிப் பகுதிகளில் இவ்வகைத் துப்பாக்கிக்குத் தடை விதித்தார். மறைத்து வைக்கக்கூடிய துப்பாக்கி பிறந்த வேளையிலேயே அதைத் தடுக்கும் சட்டமும் பிறந்தது என்பதை வாசகர்கள் நினைவில் கொள்க.

சுழலும் உருளை

1807இல் ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத், அடித்தால் வெடிக்கும் வேதிப்பொருளைக் கொண்டு மருந்தைக் கொளுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். கல்லும் பொறியும் தேவையற்றுப் போயின. 1836இல் அமெரிக்கரான சாமுவேல் கோல்ட், பல அறைகள் கொண்ட உருளை சுழன்று ஒவ்வோர் அறையாகக் குழலின் நேரே வந்து நிற்கும் துப்பாக்கிக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். இதுவே ரிவால்வர். 1857இல் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் நிறுவனம், குண்டும் மருந்தும் ஒரே உலோகக் கூட்டில் அடைபட்ட தோட்டாவை இடும் சிறு ரிவால்வரை விற்கத் தொடங்கியது.

உருளையில் ஓர் இடர்ப்பாடு உண்டு. ஐந்தாறு தோட்டாக்களை வட்டமாக அடுக்கினால் அதன் பருமன் குறையாது. இடுப்பில் புடைத்துக்கொண்டு நிற்கும். உருளைக்கும் குழலுக்கும் இடையேயுள்ள சிறு சந்தில் வாயுவும் ஓரளவு கசியும். 1865 ஏப்ரல் 14 அன்று ஆபிரகாம் லிங்கனைச் சுட்ட ஜான் வில்க்ஸ் பூத், ரிவால்வர்கள் தாராளமாகக் கிடைத்த காலத்திலும், ஒரே ஒரு குண்டு போடும் டெரிஞ்சர் வகைக் கைத்துப்பாக்கியையே அரங்கிற்குள் கொண்டு சென்றான். ஒரு குண்டு தீர்ந்ததும் கத்தியை எடுக்க வேண்டியதாயிற்று. 1872இல் இங்கிலாந்தின் வெப்லி நிறுவனம் குழலைச் சுமார் 6 செ.மீ. அளவுக்குக் குறைத்து, சட்டைப்பைக்கு ஏற்ற 'புல்டாக்' ரிவால்வரைச் செய்தது. 1881இல் இன்னோர் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான கார்ஃபீல்டு இவ்வகைத் துப்பாக்கியால்தான் சுடப்பட்டார்.

புகையற்ற மருந்து

பழவேற்காட்டில் அரைத்த கருமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கு மேல் திண்மக் கழிவாக நின்றுவிடும். அதுவே கரும்புகை; அதுவே குழலில் படியும் கசடு. 1884இல் பிரெஞ்சு வேதியியலார் போல் வியேய் புகையற்ற வெடிமருந்தை உருவாக்கினார். இது எரிந்து ஏறத்தாழ முழுவதும் வாயுவாகிறது. ஆகவே சிறிதளவு மருந்தே போதும், தோட்டா சிறுத்தது, கசடு குறைந்ததால் தானியங்கும் பொறி நுட்பமும் கைகூடியது. நம் நீலகிரியிலுள்ள அருவங்காட்டில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைந்த கார்டைட் தொழிற்சாலை இந்தப் புதிய மருந்தைச் செய்யவே ஏற்பட்டது.

அமெரிக்கரான ஜான் பிரௌனிங் வடிவமைத்து, பெல்ஜியத்தில் 1900ஆம் ஆண்டு முதல் செய்யப்பட்ட பிஸ்டலில் உருளையே இல்லை. தோட்டாக்கள் கைப்பிடிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டன. தட்டையான வடிவம்; எடை ஏறத்தாழ 625 கிராம். மறைப்பதற்கு ரிவால்வரைவிட எளிது.

மணியாச்சி, 1911

1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி இந்தியர்கள் உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது; ஐரோப்பியருக்கு விலக்கு இருந்தது. எனவே விடுதலைப் புரட்சியாளர்களுக்கு ஆயுதத் தேர்வு என்பது முதலில் கடத்தலைப் பற்றிய சிக்கல். 1909இல் சாவர்க்கரின் ஏற்பாட்டில், பெட்டியின் பொய்யடித்தட்டில் 20 பிரௌனிங் பிஸ்டல்கள் ஐரோப்பாவிலிருந்து இந்தியாவுக்கு வந்தன. அவற்றுள் ஒன்றால் அவ்வாண்டு டிசம்பர் 21 அன்று நாசிக் கலெக்டர் ஜாக்சன் நாடக அரங்கில் சுடப்பட்டார்.

1911 ஜூன் 17 அன்று மணியாச்சிச் சந்திப்பில் நின்ற இரயிலின் முதல் வகுப்புப் பெட்டியில் அமர்ந்திருந்த திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டார். பின்னர்த் தம்மையும் சுட்டுக்கொண்டு மாண்டார். அவர் கையிலிருந்ததும் பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டலே. நீண்ட துப்பாக்கியோடு அந்த நடைமேடையில் ஒருவர் நடந்திருந்தால் பெட்டியை நெருங்கியிருக்க முடியாது.

1914 ஆகஸ்டு 26 அன்று கல்கத்தாவில் ராடா நிறுவனத்தின் சரக்கிலிருந்து 50 மவுசர் பிஸ்டல்களையும் 46,000 தோட்டாக்களையும் புரட்சியாளர்கள் கைப்பற்றினர். மவுசர் ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ளது. தன் மர உறையையே பின்கட்டையாகப் பொருத்தித் தோளில் வைத்துச் சுடலாம். தொலைவுக்கு மவுசர், மறைவுக்குப் பிரௌனிங். இரண்டையும் ஒரே கருவியில் பெற இயலவில்லை. ஏன் என்று கணக்கிட்டுப் பார்ப்போம்.

சிறுமைக்குக் கொடுக்கும் விலை

பிரௌனிங்கின் 7.65 மி.மீ. குண்டின் எடை சுமார் 4.6 கிராம், வேகம் நொடிக்குச் சுமார் 290 மீட்டர். உந்தம் 0.0046 × 290 = 1.33 அலகு. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி துப்பாக்கியும் அதே உந்தத்துடன் பின்வாங்க வேண்டும். (வாயுவின் உந்தத்தை விட்டுவிடுவோம்.) 0.625 கிலோவால் வகுத்தால் பின்னுதைப்பு வேகம் நொடிக்கு 2.1 மீட்டர்; அதன் ஆற்றல் சுமார் 1.4 ஜூல். எடையைப் பாதியாக்கினால் வேகம் இரட்டிக்கும். ஆற்றலும் இரட்டித்து 2.8 ஜூல் ஆகும். துப்பாக்கி இலேசாக ஆக, கை அதிகம் துள்ளும்.

குறியும் கெடும். முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 10 செ.மீ. இருக்கையில் 1 மி.மீ. பிசகினால், 10 மீட்டர் தொலைவில் குண்டு 10 செ.மீ. விலகும். நீண்ட துப்பாக்கியில் அந்த இடைவெளி 60 செ.மீ. ஆனால் விலகல் 2 செ.மீ.கூட ஆகாது. வாயு குண்டைத் தள்ளும் தொலைவும் குட்டைக் குழலில் குறைவு. மேற்சொன்ன குண்டின் ஆற்றல் 200 ஜூலுக்குச் சற்றுக் குறைவு; .303 ரைபிள் குண்டிற்கோ 3,000 ஜூலுக்கு மேல்.

ஆகவே மறைத்து வைக்கும் துப்பாக்கி, மிக அருகில் செல்ல முடிந்தவனுக்கு மட்டுமே பயன்படும் கருவி. 1967 ஜனவரி 12 அன்று இராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆர். சுடப்பட்டதும் ஓர் அறைக்குள், பேச்சு நடந்த தொலைவில்தான். குண்டு கழுத்தில் தங்கியது, அவர் உயிர் பிழைத்தார், குரல் மாறிப்போயிற்று. குற்றவாளி என்று பின்னர் நீதிமன்றம் முடிவு செய்த எம்.ஆர். ராதாவும் அன்று குண்டுக் காயத்துடனேயே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார்.

காப்புக் கருவியா?

தற்காப்புக்கு உதவாதா என்று வாசகர்கள் கேட்கலாம். 1983இல் அமெரிக்கக் காவல்துறைப் பயிற்சியாளர் டென்னிஸ் டூலர் ஒரு கணக்கை வெளியிட்டார். கத்தியுடன் ஓடி வரும் ஒருவன் 21 அடி தொலைவை, அதாவது சுமார் 6.4 மீட்டரை, ஏறத்தாழ ஒன்றரை நொடியில் கடந்துவிடுவான். பயிற்சி பெற்ற காவலர் இடுப்பு உறையிலிருந்து எடுத்துச் சுடவும் ஏறக்குறைய அதே நேரம் ஆகும். ஆடைக்குள்ளோ கைப்பைக்குள்ளோ இருப்பதை எடுக்க இன்னும் அதிகமாகும். தாக்குபவன் நேரத்தைத் தானே தேர்ந்துகொள்கிறான்; தற்காப்பவருக்கு அந்த வசதி இல்லை. லிங்கன் முதல் ஆஷ் வரை நாம் கண்ட நிகழ்ச்சிகள் அனைத்திலும் மறைத்த துப்பாக்கி முந்திக்கொண்டவனுக்கே உதவியது.

2012 டிசம்பரில் டில்லியில் நடந்த கொடுமைக்குப் பின், கான்பூரிலுள்ள அரசுப் படைக்கலத் தொழிற்சாலை பெண்களை முன்னிட்டு 'நிர்பீக்' என்ற .32 ரிவால்வரை 2014இல் வெளியிட்டது. டைட்டானியக் கலவையால் ஆனது. எடை 500 கிராம். அன்றைய விலை 1,22,000 ரூபாய்க்கு மேல். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். 21 வயதும் நிரம்பியிருக்க வேண்டும். விடியுமுன் கூடையோடு மீன் ஏலத்திற்குக் கிளம்பும் குப்பத்துப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். அந்த விலையில் அவள் குடும்பத்திற்கு வலைகள் வாங்கலாம். அவளுக்குப் பயன்படக்கூடியவை தெருவிளக்கும், நேரத்திற்கு வரும் பேருந்தும், முறையிட்டால் எழுதிக்கொள்ளும் காவல் நிலையமுமே. இவற்றுள் எதையும் மடியில் மறைக்க வேண்டியதில்லை.

வாயு ஒரு பக்கம் சென்றால் கருவி மறுபக்கம் செல்லும் என்ற அதே விதி, பழவேற்காட்டு ஏரியைக் கடலிலிருந்து பிரிக்கும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவில் 1971 முதல் ராக்கெட்டுகளை ஏவி வருகிறது. ஏவும் நாளில் கடலுக்குப் போக வேண்டாம் என்று மீனவர்களுக்கு முன்னறிவிப்பும் வருகிறது. மறைத்து வைத்த துப்பாக்கி அத்தகைய முன்னறிவிப்பு எதையும் தருவதில்லை. 1517இல் அரசர்கள் அதைக் கண்டு அஞ்சியதும் அதனால்தான். இன்று அதற்கு உரிமம் கேட்பதும் அதனால்தான்.