காலியிடத்தின் விவரம்

கடத்தூர் இன்று தருமபுரி மாவட்டத்துப் பேரூர்களுள் ஒன்றாயினும், 1965-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் அம்மாவட்டம் உதயமாகும் வரையில் பழைய சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்த ஊராகும். வெற்றிலைக் கொடிக்காலும் சந்தையும் ஒரு பகுதியினரைத் தாங்கினாலும், மழை பொய்த்த காலங்களில் புஞ்சை நிலத்தை மட்டும் நம்பியிருந்த குடும்பங்களுக்கு அயலூர்ப் பிழைப்பையன்றி வேறு மார்க்கம் இருந்ததில்லை. வேலை எங்கே இருக்கிறது, கூலி என்ன, சொல்லுகிறவன் சொல் மெய்தானா என்று அறிந்துகொள்ள இவ்வட்டாரத்து ஏழை ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகப் பட்ட பிரயாசையைச் சிறிது விரிவாக ஆராய்வது அவசியமென்று நான் கருதுகிறேன்.

முதலில் வந்தவன் ஆள்சேர்ப்புத் தரகனான கங்காணி. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலேயா ரப்பர்த் தோட்டங்களுக்கும் ஆள் சேர்த்த தமிழ் ஜில்லாக்களுள் சேலமும் ஒன்று. கங்காணி வாய்மொழியாகச் சொன்னதே அக்காலத்து வேலை விளம்பரம். அவன் கையில் கொடுத்த முன்பணமே ஒப்பந்தம். இலங்கையில் ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டத்துக்குப் போக விரும்பிய தொழிலாளியின் கடனை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, அதைத் தீர்க்கும் துரையிடம் அவனை ஒப்புவிக்கும் ‘துண்டு’ முறை 1921-இல்தான் ஒழிந்தது. மலேயாவுக்குக் கங்காணி மூலம் ஆள் அனுப்புவதை இந்திய சர்க்கார் 1938-இல் தடுத்தது. வேலையைப் பற்றிய செய்தி ஒருவனுடைய ஏகபோக உடைமையாக இருக்கும் வரையில் தேடுகிறவன் அவனுக்கு அடிமைப்படுகிறான் என்பதை இவ்வரலாற்றைவிடத் தெளிவாக வேறொன்றும் காட்டாது.

இதற்கிடையில், கட்டணமில்லாத பொது வேலைவாய்ப்பு நிலையங்களை ஒவ்வொரு தேசமும் அமைக்கவேண்டுமென 1919-இல் சர்வதேசத் தொழிலாளர் மகாநாடு வாஷிங்டனில் கூடி விதித்தது. 1921-இல் அதனை ஏற்ற இந்தியா 1938-இல் விலகிக்கொண்டது. பின்னர் 1945-இல் அத்தகைய நிலையங்கள் இங்கே பிறந்தது, யுத்தம் முடிந்து திரும்பும் சிப்பாய்களை மீண்டும் குடியமர்த்தும் பொருட்டேயாகும். 1948-இல் அவை பிரஜைகள் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டன, 1956 நவம்பர் முதல் நாள் ராஜ்ய சர்க்கார்களின் அன்றாட நிர்வாகத்துக்கு வந்தன.

இவற்றுக்குப் பின் வந்த 1959-ஆம் ஆண்டுச் சட்டமே நான் சிறப்பாக எடுத்துரைக்க விரும்புவது. காலியிடங்களைக் கட்டாயமாக அறிவிக்கச் செய்த அச்சட்டம் 1960 மே முதல் நாள் அமலுக்கு வந்தது; சர்க்கார் ஸ்தாபனங்களையும், இருபத்தைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தனியார் ஸ்தாபனங்களையும் அது கட்டுப்படுத்தியது. அதன் விதிகளின்படி முதலாளி எழுதித் தரவேண்டிய விவரங்களை நிதானமாகப் படித்துப் பார்த்தால் வியப்புண்டாகும்: எத்தகைய வேலை, செய்யவேண்டிய கடமைகள் யாவை, தகுதி என்ன, வயது வரம்பு என்ன, பெண்களுக்கு இடமுண்டா, எத்தனை இடங்கள், நிரந்தரமா தற்காலிகமா, சம்பளமும் படிகளும் எவ்வளவு, வேலை எந்த ஊரில், எந்தத் தேதிக்குள் இடம் நிரப்பப்படும், நேர்முகத் தேர்வு எங்கே, எப்போது. நேர்முகத் தேர்வுக்குப் பதினைந்து நாட்களுக்கு முன்னதாகவே உள்ளூர் நிலையத்துக்கு அறிவிக்கவேண்டியிருந்தது. தேர்வின் முடிவைப் பதினைந்து நாட்களுக்குள் தெரிவிக்கவேண்டியிருந்தது. வேலை தேடும் ஒருவனுடைய நெஞ்சில் எழும் கேள்விகள் ஏறக்குறைய எல்லாவற்றையும் அந்தத் தாள் அன்றே கேட்டுவிட்டது.

இம்முறையில் குறை இரண்டு. விவரம் நிலையத்தின் கோப்புக்குப் போயிற்றேயன்றி, தேடியவன் கைக்கு வரவில்லை. பள்ளியிறுதி வகுப்புத் தேறிய கடத்தூர் இளைஞன் பஸ் ஏறித் தருமபுரிக்குப் போய்ப் பதிவு செய்து, அட்டையைச் சான்றிதழ்களோடு சேர்த்துப் பாதுகாத்து, மூன்றாண்டுக்கொருமுறை புதுப்பித்து, பதிவு மூப்பு தன் எண்ணை எட்டும் நாளுக்குக் காத்திருந்தான்; தன் பெயர் எந்த அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டது, எதனால் தள்ளப்பட்டது என்பது அவனுக்குத் தெரியவராது. ஆயினும் அங்கே ஒரு காசும் கேட்கப்படவில்லை, வரிசை யாவர்க்கும் ஒன்றாக இருந்தது என்பவற்றைச் சிறியனவாக நினைத்தல் கூடாது. மற்றொரு குறை, அச்சட்டம் விவசாய வேலையையும், வீட்டு வேலையையும், மூன்று மாதத்துக்குக் குறைந்த வேலையையும் தொடக்கத்திலேயே விலக்கிவிட்டது. கொடிக்காலில் வெற்றிலை கிள்ளும் கூலிக்கு அதில் ஓரிடமும் இல்லை.

நிலையம் அனுப்பிய பட்டியலில் பெயர் வந்தவர்களை மட்டும் அழைத்தல் நியாயமாகாது, பத்திரிகையிலும் விளம்பரம் செய்யவேண்டுமென்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு மறு ஆண்டு நௌக்ரி என்ற தனியார் வேலைவாய்ப்பு இணையதளம் தோன்றியது. 2015-இல் மத்திய அரசின் தேசிய வேலைவாய்ப்புச் சேவைத் தளம் வந்தது. தமிழ்நாட்டிலும் பதிவும் புதுப்பித்தலும் இணையத்துக்கு மாறின. பஸ் கட்டணமும் ஒரு நாள் கூலியும் மிச்சமானது பெரிய நன்மையே. ஆனால் கைப்பேசியில் இன்று ஒரு விளம்பரத்தைத் திறக்கும் கடத்தூர்ப் பட்டதாரி, சம்பளம் எழுதவேண்டிய இடத்தில் ‘வெளியிடப்படவில்லை’ என்ற சொல்லைக் காண்கிறார். எப்போதோ நிரம்பிய இடம் இன்னும் காலியென்று நிற்பதைக் காண்கிறார். விண்ணப்பித்தபின் யாதொரு பதிலும் பெறாமல் தவிக்கிறார். பதிவுக் கட்டணமென்று பணம் கேட்கும் வஞ்சகர்களிடம் சிலர் ஏமாறவும் நேர்கிறது. 1960-இல் ஒரு காகிதத்தில் கேட்கப்பட்ட சம்பளமும் ஊரும் தேதியும், இத்தனை பெரிய யந்திர வசதியிருந்தும் இன்று விருப்பமிருந்தால் சொல்லலாம் என்ற அளவுக்குத் தாழ்ந்திருப்பது எனக்கு மிகுந்த மனவருத்தத்தைத் தருகிறது.

அந்தப் பழைய விவரப் பட்டியலை அப்படியே இணையதளங்களுக்கும் விதியாக்குவதில் கஷ்டமொன்றும் இராது. முதலாளி நிலையத்துக்கு முடிவைத் தெரிவிக்கவேண்டியிருந்த பதினைந்து நாள் கெடுவை, விண்ணப்பித்தவருக்கே நேராகத் தெரிவிக்கவேண்டிய கெடுவாக மாற்றினால் போதும். கட்டட வேலைக்காகப் பெங்களூருக்குப் போகும் தருமபுரி ஜில்லாக் கூலிகளுக்கோ மேஸ்திரியின் வாய்மொழியும் முன்பணமுமே இன்னும் வழியாக இருக்கின்றன. அவர்களுக்கும் தமிழில், கூலியையும் தங்குமிடத்தையும் முன்கூட்டியே சொல்லி, பொய்யானால் பொறுப்பேற்கும் ஒரு தளத்தை அரசாங்கமே நடத்தவேண்டும்.