பேதி மருந்தின் பழைய கிரமம்

பெங்களூரிலிருந்து ஓசூருக்குச் செல்லும் ராஜபாட்டையில், ஆனேக்கல் தாலுகாவைச் சேர்ந்த பொம்மசந்திரா இன்று தொழிற்பேட்டையாகவும் மருந்துகள் உற்பத்தியாகும் ஸ்தலமாகவும் பிரசித்தி பெற்றிருப்பினும், அந்தச் சீமை முழுவதும் முன்னாளில் ராகி விளைந்த மானாவாரிப் பூமியே. ராகிக்கு ஊடே அவரையையும் துவரையையும் ஆமணக்கையும் சால்விட்டு விதைப்பது அங்குள்ள குடியானவர்களின் பரம்பரை வழக்கம். 1800-ஆம் ஆண்டில் மைசூர் ராஜ்யத்தைச் சுற்றிவந்து, 1807-இல் தமது பிரயாண நூலை வெளியிட்ட பிரான்சிஸ் புக்கானன் என்னும் வைத்தியரும் அந்நாட்டுப் பயிர்களுள் ஆமணக்கைக் குறித்திருக்கிறார்.

ஆமணக்கு முத்தை வறுத்து இடித்து, நீர் விட்டுக் கொதிக்கவைத்து, மேலே மிதக்கும் எண்ணெயை வழித்தெடுப்பது வீட்டுப் பெண்களின் வேலை. முத்திலுள்ள கொடிய விஷம் எண்ணெயில் கரையாது, கொதியில் வலுவிழந்தும் போகும். ஆகவே விளக்குக்கும் வண்டி அச்சுக்கும் உதவிய அதே எண்ணெய் மலபந்தத்துக்கும் ஔஷதமாயிற்று. கன்னடர் ஹரளெண்ணெய் என்றும் தமிழர் விளக்கெண்ணெய் என்றும் வழங்கிய அதனை, விடியற்காலையில் வெறும் வயிற்றில் கொடுப்பதே சம்பிரதாயம். சிறுகுடலில் இவ்வெண்ணெயிலிருந்து பிரியும் ரிசினோலிக் அமிலம் குடலைத் தூண்டி, 2 முதல் 6 மணி நேரத்துக்குள் பேதியாக்குமாதலின், பொழுது சாய்வதற்குள் உபத்திரவம் தீர்ந்து ரசஞ்சாதம் உண்ண முடிந்தது. தூத்துக்குடித் துறைமுகத்தின் வழியே பல தேசங்களுக்கும் சென்ற மற்றொரு பேதி மருந்தான திருநெல்வேலி நிலாவாரையோ, பெருங்குடலில் வாழும் கிருமிகளால் மாறுதலடைந்த பின்னரே வேலை செய்வதால், இரவில் உண்டு காலையில் பயனடைதற்குரியது.

ஆயினும் முன்னோர் பேதி மருந்தை நித்திய கருமமாகக் கொண்டாரல்லர். நான்கு மாதத்துக்கு ஒரு முறை என்பதே தேரையர் என்னும் சித்தர் பெயரால் வழங்கும் விதி. அன்றாட சௌகரியத்தை அவர்கள் ஆகாரத்திடமே ஒப்படைத்திருந்தனர்: 100 கிராம் ராகியில் சுமார் 11 கிராம் நார்ச்சத்து உண்டு, தீட்டிய அரிசியில் அது 3 கிராமுக்கும் குறைவு. களியும் கீரையும் நீர்மோரும், குந்தி அமர்ந்து மலங்கழிக்கும் பழக்கமும், வயலில் குனிந்து நிமிர்ந்த உழைப்பும் கூடி, முக்கி வருந்தாமல் விரைவில் எழுந்துவர உதவின.

வயலிருந்த இடத்தில் ஆலை வந்ததை மாற்றுவதற்கில்லை. தட்டில் ராகியை மீண்டும் வைப்பதற்குத் தடையொன்றுமில்லை. மருந்தை அபூர்வமாகவும் நாருள்ள உணவையும் நீரையும் நித்தியமாகவும் கொள்ளுங்கள். மலபந்தம் நீடித்தாலும் ரத்தம் கண்டாலும் தாமதமின்றி வைத்தியரை நாடுங்கள்.